நான்கு ரிமோட்டுகளுக்குப் பதிலாக ஒன்று

ராஜாக்கமங்கலத்தில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் தொலைக்காட்சிக்கு ஒன்று, கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, இணையத்தில் படம் பார்ப்பதற்காகத் தொலைக்காட்சியின் பின்புறம் செருகியிருக்கும் ஸ்டிக்குக்கு ஒன்று என நான்கு ரிமோட்டுகள் இருந்தன. நான்கும் கறுப்பு நிறம், ஏறக்குறைய ஒரே நீளம். நானும் மனைவியும் நாகர்கோவிலுக்கு வேலைக்குக் கிளம்பிய பிறகு அந்த அறையில் பகல் முழுவதும் இருப்பவர் என் அம்மா ஒருவர்தான். கண்புரை அறுவை முடிந்து தூரப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. கையில் இருக்கும் பொத்தானின் மேல் அச்சிட்ட சின்ன எழுத்தைப் படிக்கத்தான் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த நான்குக்கும் பதிலாக ஒரே ஒரு யுனிவர்சல் ரிமோட்டை அவர் கையில் கொடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காக ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் வைத்துப் பழக்கிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்பே ஒரு நிபந்தனையை முடிவு செய்திருந்தேன்: எண் பொத்தான்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. மலையாளம் எங்கள் வீடுகளை விட்டு இன்னும் போய்விடவில்லை. அம்மா காலையில் தமிழ்ச் செய்தி பார்ப்பார், மதியம் மலையாளத் தொடர் பார்ப்பார், மாலையில் மறுபடியும் தமிழுக்கு வருவார். செட்டாப் பாக்ஸில் இந்த இரு மொழிச் சேனல்களும் வெகு தூரத்தில், மூன்று இலக்க எண்களில் கிடக்கின்றன. மேலும் கீழுமாக ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டு போவது நடக்கிற காரியமில்லை. அவருக்கு வேண்டிய எண்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்கின்றன. இப்போது வருகிற அழகான, மெலிந்த ரிமோட்டுகள் பலவற்றில் எண்களை எடுத்துவிட்டார்கள். அவை இணையத்தில் மட்டும் படம் பார்ப்பவர்களுக்கு ஏற்றவை, எங்கள் வீட்டுக்கு ஏற்றவை அல்ல.

அம்மாவுக்கு ரிமோட் புரியவில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோமே தவிர, அவருக்கு எது குழப்பமாக இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து கவனித்ததில்லை. ஒரு விடுமுறை நாளில் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. சேனல் மாற்றுவது ஒரு ரிமோட்டில், சத்தத்தைக் கூட்டுவது இன்னொன்றில். ஆனால் இரண்டிலுமே சேனல், சத்தம் ஆகிய இரண்டுக்கும் பொத்தான்கள் இருக்கின்றன. தொலைக்காட்சி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் சவுண்ட்பாரில் மாற்றம் இல்லை. அதே ரிமோட்டில் சேனல் பொத்தானை அழுத்தினால் கேபிள் படம் மறைந்து வெற்றுத் திரை வருகிறது. "எதை அமுக்கணும்னு எனக்குத் தெரியாண்டாமா மக்கா? எல்லாத்துலயும் எல்லாப் பட்டனும் இருக்கு" என்றார் அம்மா. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கடைசி வரை அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

ரிமோட் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெளிவாகும். ரிமோட்டின் முனையில் இருக்கும் சிறு எல்.இ.டி. விளக்கு பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. அந்த ஒளி தொடர்ந்து எரிவதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. அறையில் உள்ள மற்ற வெளிச்சங்களிலிருந்து ரிமோட்டின் ஒளியைப் பிரித்தறிய இந்தத் துடிப்புதான் கருவிக்கு அடையாளம். அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்புவதில் நீளமும் இடைவெளியும் சேர்ந்து ஒரு குறியீடாகின்றன. பரவலாக இருக்கும் என்.இ.சி. முறையில் முதலில் 9 மில்லி வினாடி நீளமான ஒரு துடிப்புத் தொடர், பிறகு 4.5 மில்லி வினாடி மௌனம், அதன் பின் கருவியின் முகவரி, முகவரியின் தலைகீழ், கட்டளை, கட்டளையின் தலைகீழ் என 32 பிட்டுகள் (0 அல்லது 1 என்ற குறிகள்) போகின்றன. 0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றிய அந்தத் தலைகீழையும் சேர்த்து அனுப்புவது வழியில் பிழை நேர்ந்தால் கண்டுபிடிப்பதற்காக. பிலிப்ஸ் வகுத்த ஆர்.சி.-5 முறையில் துடிப்பு 36,000. சோனியின் முறையில் 40,000. ஒரு கம்பெனியின் ரிமோட்டுக்கு இன்னொரு கம்பெனியின் பெட்டி அசையாமல் இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இதைக் கடக்க யுனிவர்சல் ரிமோட்டுகளில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வகையில் பல கம்பெனிகளின் குறியீடுகள் முன்கூட்டியே பதிந்திருக்கும். கூட வரும் தாளில் நம்முடைய தொலைக்காட்சியின் பெயருக்கு நேரே உள்ள எண்ணைத் தட்டினால் போதும். இரண்டாம் வகை பழைய ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், அங்கிருந்து விலகிய பின் தொடங்கிய சி.எல். 9 என்ற நிறுவனத்தின் மூலம் 1987இல் கொண்டுவந்த கோர் என்னும் ரிமோட் இந்தக் கற்கும் வகையைச் சேர்ந்ததுதான். உயர்விலை ரிமோட்டுகளில் பெயர்பெற்றிருந்த லாஜிடெக் ஹார்மனி வரிசையின் தயாரிப்பை அந்நிறுவனம் 2021இல் நிறுத்திவிட்டது. இன்று நம் ஊர்க் கடைகளில் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் எளிய கற்கும் ரிமோட்டுகளும் குறியீட்டு ரிமோட்டுகளும்தான்.

கற்கும் வகையைத்தான் தேர்ந்தெடுத்தேன். கேபிள் செட்டாப் பாக்ஸ்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. அந்தத் தாள்களில் எங்கள் பெட்டியின் பெயரே இருக்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குறியீட்டு வகை ரிமோட்டின் தலைப்பகுதியில் டிவி, செட்டாப் பாக்ஸ், ஆடியோ என்று தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். எந்தக் கருவியை இயக்கப் போகிறோமோ அதை முதலில் அழுத்திவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். நான்கு ரிமோட்டுகளை ஒரே கூட்டுக்குள் அடைத்ததுபோலத்தான் ஆகிறது; இப்போது எந்த ரிமோட் கையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா சொன்ன குறை அப்படியே நீடிக்கும்.

நாகர்கோவில் மணிமேடை அருகே ஒரு கடையில், பிளாஸ்டிக் உறைகளில் சுவர் நிறைய ரிமோட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். "பழைய ரிமோட்டை எல்லாம் கொண்டு வாங்க சார், இங்கயே படிக்க வச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொன்னதால், நான்கையும் பையில் போட்டுக் கொண்டுபோனேன். செட்டாப் பாக்ஸ், தொலைக்காட்சி, சவுண்ட்பார் ஆகிய மூன்றின் ரிமோட்டுகளையும் புதியது கடையிலேயே ஏற்றுக்கொண்டது. ஸ்டிக்கின் ரிமோட்டை ஏற்கவில்லை. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வாங்க நினைப்பவர்கள் பழைய ரிமோட்டுகள் இல்லாமல் கடைக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கற்பிக்கும் வேலையை வீட்டில் பொறுமையாகச் செய்தேன். புதிய ரிமோட்டில் செட் பொத்தானை மூலையில் உள்ள சிவப்பு விளக்கு நிலையாக எரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு கற்பிக்க வேண்டிய பொத்தானை அழுத்தினால் விளக்கு மெதுவாக விட்டுவிட்டு எரியும். அப்போது பழைய ரிமோட்டை அதற்கு நேர் எதிரே, மேசையின் மேல் மூக்கோடு மூக்கு பார்த்தபடி, இரண்டு விரல் இடைவெளியில் வைத்து, அதே வேலையைச் செய்யும் பொத்தானை ஒரு முறை அழுத்த வேண்டும். விளக்கு படபடவென்று மின்னி மறுபடி நிலைத்தால் பதிவு முடிந்தது. இரண்டும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் பதிவு அரைகுறையாகிறது. மெலிந்த ரிமோட்டின் அடியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை வைத்து உயர்த்திய பிறகு எல்லாம் சீராக நடந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு என்பதால் ஜன்னலோரத்தில் வைத்துக் கற்பிக்கக் கூடாது. சில டியூப் லைட்டுகளும் குறுக்கிடும். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுச் செய்வது நல்லது.

இந்த வெயில் விஷயம் கற்பிப்பதோடு முடிவதில்லை. எங்கள் முன்னறையின் ஜன்னல் மேற்கே பார்த்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் சாய்ந்த வெயில் தொலைக்காட்சியின் கீழ் விளிம்பில் நேராக விழும்போது, அதன் உணர்கண் கிட்டத்தட்டக் கூசிப்போகிறது. பழைய ரிமோட்டே அந்த நேரத்தில் பாதித் தூரத்திலிருந்துதான் வேலை செய்தது. ரிமோட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் திரைச்சீலையை இழுத்துப் பார்க்க வேண்டும். ரிமோட் ஒளியை வீசுகிறதா என்று அறிய இன்னொரு வழியும் உண்டு: கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு எதிரே அதைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான கைபேசிகளில் திரையில் ஊதா கலந்த வெண்மையாக ஒரு புள்ளி துடிப்பது தெரியும். பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் பல சமயம் தெரியாது.

கற்கும் ரிமோட்டின் பெரிய நன்மையை இப்போது சொல்லலாம். ஒரே தளத்தில் எந்தப் பொத்தானுக்கு எந்தக் கருவியின் கட்டளையை வேண்டுமானாலும் கொடுக்க முடியும். எண்கள், சேனல் ஏற்றம் இறக்கம், வழிகாட்டிப் பட்டியல் ஆகியவற்றைச் செட்டாப் பாக்ஸிடமிருந்து எடுத்தேன்; சத்தத்தையும் ஓசை நிறுத்தத்தையும் சவுண்ட்பாரிடமிருந்து; பவர் பொத்தானையும் அம்புக் குறிகளையும் தொலைக்காட்சியிடமிருந்து. அம்மா கையில் இருப்பது இப்போது எந்தக் கருவியின் ரிமோட் என்ற கேள்வியே எழுவதில்லை; சத்தம் என்று எழுதியிருக்கும் பொத்தான் எப்போதும் சத்தத்தைத்தான் கூட்டுகிறது. 5 என்ற எண்ணின் மேல் சின்னக் குமிழ் இருப்பதால், அதை விரலால் தடவி மற்ற எண்களின் இடத்தை அவர் கண்ணாடி இல்லாமலே கண்டுபிடித்துக்கொள்கிறார். மிச்சமிருந்த பொத்தான்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை. குறிப்பாக, இன்புட் மாற்றும் பொத்தானை வேண்டுமென்றே வெறுமையாக விட்டுவிட்டேன். தெரியாமல் கை பட்டு "நோ சிக்னல்" என்ற நீலத் திரை வந்துவிடும் என்ற பயம்தான் இதுவரை அவரை ரிமோட்டிலிருந்து தள்ளி வைத்திருந்தது. என்னென்ன செய்ய முடியும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் நீண்ட பட்டியலை விட, தவறுதலாக எதையும் கலைத்துவிட முடியாத இந்த வெறும் பொத்தான்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

சத்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மூல ரிமோட்டில் போல வேகமாக ஏறாமல், படிப்படியாக நிதானமாக ஏறுகிறது. அம்மாவுக்கு அதுவே பிடித்திருக்கிறது.

மிகவும் யோசிக்க வைத்தது பவர் பொத்தான்தான். ஒரே பொத்தானில் பல கட்டளைகளை அடுத்தடுத்து அனுப்பும் வசதி இந்த ரிமோட்டில் உண்டு. ஒரு அழுத்தலில் தொலைக்காட்சியும் பாக்ஸும் சவுண்ட்பாரும் உயிர்பெற வேண்டும் என்பதுதான் யாரும் முதலில் விரும்புவது. ஆனால் பெரும்பாலான கருவிகளின் பவர் கட்டளை "ஆன் ஆகு" என்றோ "ஆஃப் ஆகு" என்றோ சொல்வதில்லை. "இருக்கும் நிலையை மாற்று" என்று மட்டும் சொல்கிறது. மூன்றும் ஒரே நிலையில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. எங்கள் ஊரிலோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டிலும் மின்சாரம் போய்ப் போய் வரும். மின்சாரம் திரும்பியதும் எங்கள் செட்டாப் பாக்ஸ் தானாகவே ஓடத் தொடங்குகிறது. தொலைக்காட்சி சிவப்புப் புள்ளியோடு காத்திருக்கிறது. அந்த நிலையில் அந்தக் கூட்டுப் பொத்தானை அழுத்தினால் தொலைக்காட்சி விழிக்கும், பாக்ஸ் தூங்கிவிடும். இன்னொரு முறை அழுத்தினால் நேர்மாறாகும். தொலைக்காட்சி பலவற்றில் ஆன், ஆஃப் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளே மறைந்திருக்கின்றன. ஆனால் மூல ரிமோட்டில் அதற்குப் பொத்தான் இல்லாதபோது கற்கும் ரிமோட் அதைக் கற்க வழியில்லை.

இதற்கு விடை அம்மாவின் பழைய பழக்கத்திலேயே இருந்தது. இடி மின்னலுக்குப் பயந்து, பார்த்து முடித்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுவது அவர் வழக்கம். சித்திரை, ஐப்பசி மாதங்களில் இங்கே மாலை இடி எப்படி இருக்கும் என்பது இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்று கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கோத்து அந்தச் சுவிட்சோடு இணைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டால் பாக்ஸ் தானே எழுந்துவிடும். பவர் பொத்தான் தொலைக்காட்சிக்கு மட்டும். சவுண்ட்பார் எச்.டி.எம்.ஐ. கேபிளின் வழியாகத் தொலைக்காட்சியோடு சேர்ந்தே விழித்துச் சேர்ந்தே உறங்கும். எப்போது தொடங்கினாலும் நிலை ஒன்றேதான், ஆகவே கூட்டுக் கட்டளை தேவைப்படவே இல்லை.

அந்தச் சேர்ந்து விழிக்கும் வித்தையின் பெயர் சி.இ.சி. எச்.டி.எம்.ஐ. இணைப்பில் உள்ள 19 ஊசிகளில் 13ஆவது இதற்கென்றே ஒதுக்கப்பட்டது; அதன் வழியே கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்கின்றன. சாம்சங்கில் எனிநெட்+, எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர்தான் வேறு. அமைப்புப் பக்கத்தில் போய் அதை இயக்கிவிட வேண்டும். ஸ்டிக்கின் ரிமோட்டைப் புதியது ஏன் கற்கவில்லை என்பதற்கும் இங்கேதான் விடை. ஸ்டிக்கோடு அது புளூடூத்தில் பேசுகிறது. அகச்சிவப்பைத் தொலைக்காட்சியின் பவருக்கும் சத்தத்துக்கும் மட்டுமே பயன்படுத்துகிறது. எனவே ஸ்டிக்குக்கான கட்டளைகளில் ஒளியைப் பார்த்துக் கற்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் சி.இ.சி. இயங்கும்போது, தொலைக்காட்சிக்கு அனுப்பும் அம்புக் குறிகளை அதுவே ஸ்டிக்குக்கும் கடத்திவிடுகிறது. புதிய ரிமோட்டின் அம்புகளாலேயே ஸ்டிக்கின் பட்டியலில் நகர முடிகிறது, படத்தைத் தொடங்க முடிகிறது. குரலால் தேடுவதற்கு மட்டும் மூல ரிமோட் வேண்டும். ஆகவே அது எங்கள் அறையில் இருக்கிறது. வீட்டில் ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருக்கிறோம்: இரவு ஸ்டிக்கில் படம் பார்ப்பவர் யாராக இருந்தாலும், கேபிளுக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும்.

கற்கும் ரிமோட்டுகளில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆர்.சி.-5 முறையில் விரலை எடுத்து மறுபடி அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு பிட் மாறும். அழுத்திப் பிடித்திருக்கிறார்களா, புதிதாக அழுத்துகிறார்களா என்பதைக் கருவி அதை வைத்துத்தான் அறிகிறது. கற்கும் ரிமோட் பதிந்ததையே திரும்பத் திரும்ப அனுப்பினால் அந்தப் பிட் மாறாமல் இருந்துவிடும். 1 என்று இரண்டு முறை அழுத்தியதை ஒரே அழுத்தலாகக் கருவி எடுத்துக்கொள்ளக்கூடும். எங்கள் பாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் வாங்குபவர்கள் 11, 22 போன்ற எண்களைத் தட்டிப் பார்த்துவிட வேண்டும். சேனல் எண்ணை நம்பியே பார்க்கும் முதியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

அடுத்தது பேட்டரி. கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் வீட்டில் உப்புக் காற்று எதையும் விடுவதில்லை. பழைய ரிமோட்டுகளின் பேட்டரிக் குழியைத் திறந்தால் சுருள் கம்பியில் பச்சை பூத்திருப்பது வழக்கமான காட்சி. மலிவான துத்தநாக-கார்பன் பேட்டரி ஒழுகினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால் அல்கலைன் பேட்டரி போட்டிருக்கிறேன். அவ்வப்போது கழற்றி, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுகிறேன். இப்படிக் கழற்றும்போது கற்றதெல்லாம் மறந்துபோனால் ரிமோட்டால் பயனில்லை என்பதால், இரவு முழுவதும் பேட்டரி இல்லாமல் வைத்துச் சோதித்தேன்; காலையில் எல்லாப் பொத்தானும் நினைவோடு இருந்தன. ராபர்ட் அட்லர் வடிவமைத்து, ஜெனித் நிறுவனம் 1956இல் வெளியிட்ட ஸ்பேஸ் கமாண்ட் ரிமோட்டுக்குப் பேட்டரியே கிடையாது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியைத் தொலைக்காட்சி கேட்டுக்கொள்ளும். எங்கள் கடற்கரைக்கு எவ்வளவு பொருத்தமான கருவி!

ஏ.சி.யையும் இதில் சேர்க்கலாமே என்று மைத்துனர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏ.சி. ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி வேகம், இயங்கும் முறை என மொத்த நிலையையும் சேர்த்து அனுப்புகிறது; ஒரு பொத்தானைக் கற்பித்தால் அந்த நேரத்து நிலை முழுவதும் ஒட்டிக்கொண்டு வரும். 26 டிகிரியில் குளிர்விக்க ஒரு பொத்தான், அணைக்க ஒரு பொத்தான் என்ற அளவுக்குத்தான் பயன்படும். கைபேசியையே ரிமோட்டாக்கும் வைஃபை கருவிகளும் இருக்கின்றன. இணையப் பெட்டி ஓய்ந்தால் அவையும் ஓய்ந்துவிடும், அம்மாவும் கைபேசியைப் பேசுவதற்கு மட்டுமே எடுப்பவர்.

குறை என்று சொன்னால், இருட்டில் பொத்தான்கள் ஒளிர்வதில்லை. ரப்பர் சற்றுக் கடினமாக இருப்பதால் விரல் நுனியால் அழுத்தமாகத் தொட வேண்டியிருக்கிறது. இன்னொன்று, மூல ரிமோட்டுகளைத் தூக்கி எறிய முடியாது. கேபிள்காரர் பாக்ஸை மாற்றிக் கொடுத்தாலோ புதிய ரிமோட் கீழே விழுந்து உடைந்தாலோ மறுபடி கற்பிக்க அவை வேண்டும். பேட்டரியைக் கழற்றி, நான் கற்பித்த பட்டியலை எழுதிய தாளோடு சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

குலசேகரத்தில் இருக்கும் அத்தை, அம்மா எண்களைத் தட்டித் தானே சேனல் மாற்றுவதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அங்கே இருப்பது டி.டி.எச்.; அதன் மூல ரிமோட் எப்போதோ தொலைந்துபோய், தொலைக்காட்சி ரிமோட்டை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் முதலில் அந்த டி.டி.எச். பெட்டிக்குப் பொருந்தும் ஒரு ரிமோட்டை மணிமேடைக் கடையில் வாங்க வேண்டும். அதிலிருந்துதான் புதியதற்குக் கற்பிக்க முடியும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.